சம்பளம் கேட்காத சாப்ளின்கள் தேவை

தேவை: திரைப்பட அறிமுக வகுப்புக்கு இளங்கலை மாணவர் ஒருவர். இதே பாடத்தை முன்பே படித்து 'ஏ' வாங்கியிருக்க வேண்டும். வாராவாரம் விரிவுரைக்கும் மாலைத் திரையிடலுக்கும் தவறாமல் வர வேண்டும். வருகைப் பதிவு எடுக்க வேண்டும். புரொஜெக்டர் மக்கர் செய்தால் ஓடிப்போய் ஆள் கூட்டிவர வேண்டும். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கலந்துரையாடல் வகுப்பை நடத்த வேண்டும். சிறுதேர்வுத் தாள்களைத் திருத்த வேண்டும். "கட்டுரையை நாளைக்குத் தரலாமா" என்று நள்ளிரவில் வரும் மின்னஞ்சலுக்குக் கனிவாகப் பதில் எழுத வேண்டும். சினிமாவின் மேல் தீராத காதல் வேண்டும். பணத்தின் மேல் அது கூடாது.

கடைசி வரியை நான் சேர்த்தேன். மற்றவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் திரைப்படத் துறைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் நிபந்தனைகள். கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில் அங்கே "உங்கள் தன்விவரக் குறிப்புக்கு வலுச்சேர்க்கும் அரிய அனுபவம்" என்று எழுதியிருப்பார்கள். அர்த்தம் ஒன்றுதான், சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

பாடம் படிக்க வந்த பிள்ளையையே பாடம் நடத்தவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இளங்கலை டீச்சிங் அசிஸ்டென்ட், சுருக்கமாக டி.ஏ., என்று பெயர். எல்லா இடத்திலும் சும்மா வேலை வாங்குகிறார்கள் என்று சொன்னால் அது பொய். சில பல்கலைக்கழகங்கள் மணிக்கணக்கில் கூலி தருகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தாள் திருத்தும் இளங்கலை மாணவர்கள் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். ஆனால் மற்றப் பல இடங்களில் கூலிக்குப் பதில் கிரெடிட் கிடைக்கும். பட்டம் வாங்க இத்தனை கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று கணக்கு உண்டல்லவா, அதில் இரண்டோ மூன்றோ நான்கோ இந்த வேலைக்குப் போட்டுக்கொடுப்பார்கள்.

அந்த கிரெடிட் ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. மாணவர் கட்டணம் கட்டித்தான் அதை வாங்குகிறார். முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் மட்டுமே இன்று ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று தனித்தனியே வசூலிக்கும் இடத்தில், வேலை செய்வதற்கு நேரடியாகவே காசு கொடுத்தாயிற்று. பருவத்துக்கு மொத்தமாக ஒரே தொகை வாங்கும் இடத்தில், அந்தத் தொகைக்குள் வேறொரு பாடம் படித்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தாள் திருத்துகிறார். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது உலகம் அறிந்த பழைய அமஞ்சி. வேலை செய்கிறவனிடமே கட்டணம் வசூலிப்பது உயர்கல்வி செய்த கண்டுபிடிப்பு. இதற்கு நோபல் பரிசு இன்னும் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வேதியியல் துறையில் இது நடந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கந்தக அமிலம் யாருக்கும் சமூக நீதி போதிப்பதில்லை. திரைப்படத் துறையின் சிலபஸைப் பாருங்கள். அங்கேதான் வயிறு எரிகிறது.

முதல் வாரம், லூமியர் சகோதரர்கள். 1895இல் லியோன் நகரத்தில், தங்கள் குடும்பத் தொழிற்சாலையின் வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் தங்கள் தொழிலாளர்களைப் படம் பிடித்தார்கள். அந்த டிசம்பரில் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய முதல் நிகழ்ச்சியில் அந்தப் படம் இருந்தது. "சினிமா பிறந்ததே தொழிலாளியின் முகத்தில்தான்" என்று பேராசிரியர் உருக, பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். பின்வரிசையில் டி.ஏ. வருகைத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். 1895இன் தொழிலாளிகள் 50 விநாடிக்குள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். இவர் திரையிடல் முடிந்த பிறகும் விளக்கைப் போட்டு, நாற்காலியைச் சரிசெய்து, மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலுக்கு உரியவரைத் தேட வேண்டும்.

அடுத்த வாரங்களில் ஐசன்ஸ்டைனின் 'ஸ்டிரைக்', 1925. பிறகு சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்', 1936. சாப்பாட்டு இடைவேளையைக் கூட மிச்சம் பிடிக்க, தொழிலாளியின் வாயில் இயந்திரமே சோறு ஊட்டும் காட்சியைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. தன் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களுக்குச் சந்தேகம் தீர்த்துவிட்டு வந்த டி.ஏ.வும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். இருபது கட்டுரை வரும். அதைப் படித்து மதிப்பெண் போடுவதும் அவரேதான்.

பிறகு 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் குடும்பம் இல்லை. நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. படம் உலகப் புகழ் பெற்ற பிறகு ஆலைக்குத் திரும்பியவர் வேலையை இழந்தார். இந்தத் தகவலைப் பேராசிரியர் சொல்லும்போது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு 'சால்ட் ஆஃப் தி எர்த்', 1954. நியூ மெக்ஸிகோவின் துத்தநாகச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றி, ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் தள்ளிய கலைஞர்கள், நிஜச் சுரங்கத் தொழிலாளர்களையே நடிக்கவைத்து எடுத்த படம். நாயகி ரோசௌரா ரெவுயெல்தாசை நடுப் படப்பிடிப்பில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்தார்கள்; அவர் மெக்ஸிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. பிறகு பார்பரா கோப்பிலின் 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.', 1976. கென்டக்கியின் நிலக்கரித் தொழிலாளர்கள் துப்பாக்கிகளுக்கு முன்னால் மறியல் செய்ததைக் காட்டி ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம்.

இடையிடையே மார்க்ஸ், வால்டர் பெஞ்சமின், அடோர்னோ, தென்னமெரிக்காவின் 'மூன்றாம் சினிமா' அறிக்கை. உபரி மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பேராசிரியர் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறார். பலகையை அழிப்பவரைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார். பருவத்தின் இறுதியில் அரங்கில் உள்ள எல்லோருக்கும் சுரண்டலை எந்தத் திரையிலும், எந்த நாட்டிலும், எந்த நூற்றாண்டிலும் அடையாளம் காணத் தெரிந்துவிடுகிறது. சொந்த அரங்கில் மட்டும் தெரிவதில்லை. திரைக்கு முன்னால் விளக்கை அணைத்துவிடுகிறார்கள் அல்லவா!

குலெஷோவ் சோதனையை இந்த மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நடிகரின் ஒரே முகம். பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் பசி தெரியும். சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் தெரியும். முகம் மாறவில்லை, ஒட்டிய படம்தான் மாறியது. பல்கலைக்கழக நிர்வாகம் இந்தச் சோதனையைக் குலெஷோவைவிடத் திறமையாகச் செய்கிறது. டி.ஏ.வின் முகத்துக்குப் பக்கத்தில் கட்டண ரசீதை வைத்தால் அவர் மாணவர். விடைத்தாள் கட்டை வைத்தால் ஆசிரியர். பெற்றோர் தினக் கையேட்டை வைத்தால் தலைமைப் பண்பின் சிகரம். சம்பளப் பட்டியலை வைத்தால் அங்கே முகமே இருக்காது.

சட்டமும் இந்த எடிட்டிங்கில் சளைத்ததில்லை. அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களின் தொழிற்சங்க வழக்குகளைத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் விசாரிக்கிறது. 2000இல் நியூயார்க் பல்கலைக்கழக வழக்கில், பாடம் நடத்த உதவும் மாணவர்கள் ஊழியர்களே என்றது. 2004இல் பிரவுன் பல்கலைக்கழக வழக்கில், இல்லை, அவர்கள் மாணவர்கள் மட்டுமே என்றது. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், ஊழியர்களே, இளங்கலை மாணவர்களும் சேர்த்தி என்றது. 2019இல், இவர்களை ஊழியர் கணக்கிலிருந்து நீக்கலாமா என்று புதிய விதியை முன்மொழிந்தது. 2021இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் வாரியத்தில் ஆள் மாறுவார்கள். வாரியத்தில் ஆள் மாறினால் விடைத்தாள் திருத்தும் பிள்ளை செத்துப் பிழைப்பான். திருத்திய தாள் அதே தாள், செலவழித்த மணி அதே மணி. அவன் உழைத்தானா இல்லையா என்பதை மட்டும் அதிபர் தேர்தல் முடிவு செய்கிறது.

"அனுபவம்தானே சம்பளம்" என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திரைத்துறையே சாட்சி சொல்லும். 2010இல் வந்த 'பிளாக் ஸ்வான்' படம் சுமார் 13 மில்லியன் டாலரில் எடுத்து, உலகம் முழுவதும் 300 மில்லியனுக்கு மேல் வசூலித்தது. அதில் சம்பளமில்லாப் பயிற்சியாளர்களாக வேலை பார்த்த இருவர் 2011இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஒருவர் கல்லூரியில் திரைப்படக் கல்வி படித்துவிட்டு வந்தவர். பயிற்சியில் அவர் கற்ற திரைக்கலை இன்னதென்று நீதிமன்றத் தீர்ப்பே பட்டியல் போடுகிறது: குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடுதல், மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுத்தல், காபி போடுதல், ஜெராக்ஸ் எடுத்தல், இயக்குநருக்குத் தேநீர் கொண்டுபோதல், அவர் வீட்டில் டிவிடி கொடுத்துவிட்டு வருதல். நான்கு ஆண்டு ஐசன்ஸ்டைனின் மோன்டாஜ் படித்ததற்கு இப்படி ஒரு தொடர் காட்சி!

2013இல் கீழ் நீதிமன்றம் அவர்களை ஊழியர்கள் என்றது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, "இந்த உறவால் அதிக ஆதாயம் யாருக்கு" என்று பார்க்க ஒரு புதிய அளவுகோலைக் கொடுத்தது. அளவுகோலில் ஏழு அம்சங்கள். அவற்றில் ஒன்று, பயிற்சி கல்வித் திட்டத்தோடு இணைந்திருக்கிறதா, கல்விக் கிரெடிட் கிடைக்கிறதா என்பது. 2018இல் தொழிலாளர் துறையும் அதை ஏற்றுக்கொண்டது. வயிறு நிரப்பாத கிரெடிட் வழக்கை மட்டும் நன்றாகத் தடுக்கும் என்று சட்டம் படித்த யாருக்கும் அன்றே புரிந்திருக்கும். கூலி தராதவன் கையில் அதைவிட வாகான கேடயம் வேறு ஏது?

இனி ஏணியைப் பாருங்கள். உச்சியில் நிரந்தரப் பேராசிரியர். அவருக்குக் கீழே ஒரு பாடத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்று பேசி, பருவத்துக்குப் பருவம் அமர்த்தும் பகுதிநேர ஆசிரியர். அவருக்குக் கீழே ஆய்வு மாணவரான டி.ஏ. அவருக்கும் கீழே நம் இளங்கலைப் பிள்ளை. சக மாணவர்களை அதட்டவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. நேற்று கான்டீனில் சேர்ந்து சாப்பிட்டவனுக்கு இன்று 'சி' போட வேண்டும். நம் முன்னோர்கள் தேயிலைத் தோட்டத்தில் பார்த்த கங்காணி வேலை. ஆனால் கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கொடுத்தான் வெள்ளைத் துரை. அந்தத் துரைக்கு இருந்த பெருந்தன்மையைக்கூட நம் முற்போக்குத் திரைப்படத் துறைகளில் தேட வேண்டியிருக்கிறது.

ஏணியின் கடைசிப் படிக்கட்டில் கூட்டம் ஏன் சேர்கிறது? மேலே இருப்பவர் சம்பளம் கேட்டால் நிர்வாகத்தின் பார்வை கீழே போகிறது. 2022 நவம்பர் 14 அன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்வித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அமெரிக்க உயர்கல்வி வரலாற்றிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ ஆறு வாரம் நடந்தது. தேர்வு வந்தது, தாள்களைத் திருத்த ஆளில்லை, பல வகுப்புகளின் மதிப்பெண்கள் அந்தரத்தில் தொங்கின. "இவர்கள் வேலை செய்யவில்லை, கற்றுக்கொள்கிறார்கள்" என்று சாதித்துவந்தவர்களுக்கு, அவர்கள் கற்றுக்கொள்வதை நிறுத்தியதும் பல்கலைக்கழகமே நின்றுபோனது எப்படி என்று மட்டும் விளங்கவில்லை. முடிவில் கல்வியாண்டுக்குச் சுமார் 23,000 டாலராக இருந்த டி.ஏ. ஊதியத்தைக் குறைந்தது 34,000 ஆக்க ஒப்பந்தம் வந்தது.

பாஸ்டன் பல்கலைக்கழகம் இன்னும் சுவாரசியம். 2024 மார்ச்சில் அங்கே ஆய்வு மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், கலை அறிவியல் கல்லூரியின் டீன் ஆசிரியர்களுக்கு யோசனைகள் அனுப்பினார். மாணவர்களுக்குக் கருத்துச் சொல்லவும் கலந்துரையாடல் நடத்தவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2023இல், ஹாலிவுட்டின் எழுத்தாளர்கள் 148 நாள் தெருவில் நின்றார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகளில் செயற்கை நுண்ணறிவும் உண்டு. பாஸ்டனில் வேலைநிறுத்தம் ஏழு மாதம் போல நீண்டு 2024 அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. நவம்பரில், கலைப்புலமும் சமூக அறிவியலும் சார்ந்த ஒரு டஜன் முனைவர் பட்டப் படிப்புகளுக்கு அடுத்த ஆண்டு சேர்க்கையே இல்லை என்றார்கள். புதிய ஒப்பந்தத்தின் செலவைத் தாங்க வேண்டுமாம். கூலி உயர்ந்தால் கூலிக்காரரே வேண்டாம். நல்லது. ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் இருப்பார்களே, தாள்கள் குவியுமே, யார் திருத்துவது? ஒன்று இயந்திரம், இல்லையென்றால் சங்கம் இல்லாத பத்தொன்பது வயது. இரண்டும் சம்பளம் கேட்காது. இயந்திரத்துக்கு மாதச் சந்தா உண்டு என்பதால், என் கணிப்பில் பத்தொன்பது வயதுதான் ஜெயிக்கும்.

"பணம் எங்கே இருக்கிறது?" என்று கையை விரிப்பார்கள். 2006இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளிக்கு ஜார்ஜ் லூகாஸ் 175 மில்லியன் டாலர் கொடுத்தார். தவறில்லை, அவர் படித்த பள்ளி. இந்தக் கலைக்குப் பணம் தரும் கைகள் இந்த நாட்டில் உண்டு என்பதற்காகத்தான் சொல்கிறேன். அந்தக் கைகள் கேட்பது எல்லாம் பெயர் பொறிக்கும் இடம்: திரையரங்குக்கு ஒருவர் பெயர், படிக்கட்டுக்கு ஒருவர் பெயர், காபி குடிக்கும் முற்றத்துக்கு ஒருவர் பெயர். கலந்துரையாடல் வகுப்பின் மணிக்கூலிக்கு எந்தச் செல்வரும் தன் பெயரைக் கொடுக்க முன்வருவதில்லை. கல்லில் பெயர் நிற்கும். பிள்ளையின் கையில் சேர்ந்த பணம் அன்றே வாடகைக்குப் போய்விடும்.

விளையாட்டு மைதானத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம். பல மாநிலங்களில் அரசு சம்பளம் வாங்குவோரிலேயே அதிகம் வாங்குபவர் ஆளுநரோ நீதிபதியோ அல்ல. பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். அந்தப் பந்தோடு ஓடிய பிள்ளைகளுக்கு "நீங்கள் மாணவர்கள், காசு பேசலாமா" என்று பல தலைமுறை பாடம் எடுத்தார்கள். வழக்குமேல் வழக்கு விழுந்து, 2025 ஜூனில் ஒரு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. நேற்றுவரை காசு வாங்கினால் கல்வியின் புனிதம் கெட்டுவிடும் என்றவர்கள் இன்று காசோலைப் புத்தகத்தோடு நிற்கிறார்கள். புனிதத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. திரைப்பட வகுப்பின் டி.ஏ. செய்த ஒரே குற்றம், அவர் 'சி' போடுவதைத் தொலைக்காட்சியில் காட்டினால் விளம்பரம் கிடைக்காது என்பதுதான்.

இதுவரை சொன்னது கஞ்சத்தனம். இனிச் சொல்வது பாவம்.

கூலியில்லா வேலையை யாரால் செய்ய முடியும்? வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறவரால். 1964இல் ஜான்சன் ஆட்சியின் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்த திட்டம் ஒன்று இன்றும் நடக்கிறது: ஏழை மாணவர்கள் வளாகத்தில் வேலை செய்து படிக்க மத்திய அரசு நிதி தருகிறது. அந்தப் பிள்ளை நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறது, உணவகத்தில் மேசை துடைக்கிறது. மணிக்குக் கூலி உண்டு. பணக்காரப் பிள்ளை கூலி இல்லாமல் இயக்குநர் கோதாரைப் பற்றிக் கலந்துரையாடல் நடத்துகிறது. முதலாவதற்கு வாடகை, இரண்டாவதற்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம். வாடகை மாதத்தோடு தீர்ந்துவிடும். கடிதம் மேற்படிப்புக்குக் கதவு திறக்கும், திரைப்பட விழாவில் உள்ளே விடும், விமர்சகர் நாற்காலி வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போகும். பத்தாண்டு கழித்து அதே விழாவில், சைக்கிள் திருடுபோன அப்பனைப் பற்றி மனமுருகிப் பேசுபவர் ஒரு நாளும் வாடகைக்குப் பயந்து தூங்காமல் கிடந்தவராக இருக்க மாட்டார். ஏழையின் கதையைப் பார்த்துக் கண்ணீர் விடும் உரிமையையும் வசதி உள்ளவர்களுக்கே ஏலம் விட்டாயிற்று.

இதில் ஒரு கூத்து. அயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரியில் 2016இல் தொழிற்சங்கம் அமைத்தது உணவகத்தில் தட்டு எடுக்கும் இளங்கலை மாணவர்கள். 2022இல் அந்தச் சங்கம் வளாகம் முழுவதற்கும் விரிந்தது. கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுமார் 20,000 மாணவ உதவியாளர்கள் 2024 பிப்ரவரியில் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். 'ஸ்டிரைக்' படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, தட்டு எடுத்தவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். படம் பார்த்துப் புரட்சி வரும் என்ற கோட்பாட்டை இனிமேலாவது சிலபஸிலிருந்து எடுத்துவிடலாம்.

எதிர்வாதங்களும் வரும். "ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் இருவருமே நன்றாகக் கற்கிறார்கள்." உண்மை. அதை உண்மையாக நம்பியவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இருந்தார்கள். 2000களின் தொடக்கத்தில், அறிவியல் வகுப்புகளுக்கு இளங்கலைக் கற்றல் உதவியாளர் திட்டத்தைத் தொடங்கி, கற்பிக்கும் முறையைத் தனிப் பாடமாக நடத்தி, வேலைக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். இயற்பியல்காரர்களால் முடிந்தது. சுரண்டலைப் பற்றி ஒரு நூலகமே எழுதி வைத்திருக்கும் துறையால் முடியாதா?

"எங்கள் காலத்தில் நாங்களும் சும்மாதான் செய்தோம்." உங்கள் காலத்தில் கட்டணம் என்ன, வாடகை என்ன என்று அதே மூச்சில் சொல்லுங்கள். "காதலோடு செய்யும் வேலைக்கு விலை பேசலாமா?" தாராளமாகப் பேசலாம். பேராசிரியருக்கும் சினிமாவின் மேல் காதல்தான். மாதச் சம்பளம் அவர் வங்கிக் கணக்கில் விழுகிறபோது அந்தக் காதல் மாசுபட்டதாக அவர் இதுவரை முறையிட்டதில்லை. கூலிக்கு மாரடிப்பவர்களுக்கே கூலி கொடுத்து அனுப்பிய ஊரிலிருந்து வந்தவன் நான். மாரடிப்பவர் உண்மையிலேயே அழுதார் என்பதற்காக யாரும் அங்கே கூலியைக் குறைத்ததில்லை.

அடுத்த பருவத்தின் இறுதித் தேர்வுக்கு, என் பங்குக்கு ஒரு வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இலவசம் என்றால் அவர்களுக்குப் பிடிக்கும்.

1. 'மாடர்ன் டைம்ஸ்' நாயகனுக்குச் சம்பளம் உண்டு. உங்கள் டி.ஏ.வுக்கு இல்லை. இருவரில் நவீன காலத்தைச் சேர்ந்தவர் யார்? (5 மதிப்பெண்)

2. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். வாரம் 10 மணி, 15 வாரம் வேலை செய்த டி.ஏ.வுக்குச் சேர வேண்டிய தொகை 1,087 டாலர் 50 சென்ட். இந்தத் தொகையைக் கொடுத்தால் திவாலாகிவிடும் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைக் கூறுக. (10 மதிப்பெண்)

3. 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' படத்தில் நிலக்கரி நிறுவனம் பேசும் வசனங்களையும், உங்கள் நிர்வாகம் சங்கம் வேண்டாம் என்று அனுப்பிய மின்னஞ்சலையும் ஒப்பிடுக. வேறுபாடு ஏதும் தென்பட்டால் விளக்குக. (15 மதிப்பெண்)

4. இந்த விடைத்தாளைத் திருத்தப்போகிறவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டறிந்து எழுதுக. (70 மதிப்பெண்)

பேராசிரியர்களே, கேட்பது பெரிய புரட்சி அல்ல. தாள் திருத்தினால் மணிக்கு இவ்வளவு என்று கொடுங்கள். கிரெடிட் தர ஆசையாக இருந்தால் கற்பிக்கும் முறையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து அதற்குத் தாருங்கள். வேலைக்கு ஈடாக அதை நீட்டாதீர்கள். நிதி இல்லை என்று நிர்வாகம் சொன்னால், உங்கள் நிரந்தரப் பணியின் பாதுகாப்பு எதற்காக இருக்கிறதோ அதற்காக ஒரு முறை பயன்படுத்துங்கள்: எழுந்து நின்று, "கூலி இல்லாமல் என் வகுப்பில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். வேலையை விட்டு உங்களைத் தூக்குவது கடினம். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் பரிந்துரைக் கடிதம் போய்விடும். பயப்பட வேண்டியவர் யார், பயப்படுகிறவர் யார் என்று பாருங்கள்.

இதுவும் முடியாதென்றால் சிலபஸிலாவது நேர்மை வேண்டும். சாப்ளினையும் ஐசன்ஸ்டைனையும் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். சுரங்கத் தொழிலாளிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரைக்காக அவர்கள் சாகவில்லை. பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே எடுத்துக்கொண்ட விளம்பரப் படங்களைப் பதினைந்து வாரமும் போட்டுக் காட்டுங்கள். அதற்கும் வருகை எடுக்க, தாள் திருத்த ஆள் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத் தலைவரையே கூப்பிடுங்கள். சம்பளம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன்விவரக் குறிப்புக்கு அவருக்கும் ஏதாவது வேண்டாமா?